பழைய கேம் வில்லனைக் கடவுச்சொல் கேட்க வைப்பது எப்படி?

உலகத்தை அழிக்க வந்தவன் கரகரத்த குரலில், "உன் கடவுச்சொல் பலவீனமாக இருக்கிறது. உன்னைப் போலவே" என்கிறான். பழைய வீடியோ கேம் வில்லனின் பாணியைச் செயற்கை நுண்ணறிவால் பகடி செய்யும் ஒலித்துண்டு இது, மொத்தம் நாற்பது விநாடி. இதை முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதில் இரண்டு வாரம் முழுக்க வீண். அந்த இரண்டு வாரத்தை நீங்களாவது மிச்சம் பிடியுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். மைக்கைச் செருகுவது, ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளை நிறுவுவது போன்றவற்றுக்கு விளக்கங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன; அவற்றைத் தாண்டியே தொடங்குகிறேன்.

எந்தக் கருவி?

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு குரல் பகடி செய்ய இரண்டு வழிகள் உண்டு. எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டுவது ஒன்று. நாம் பேசியதை வாங்கிக்கொண்டு இன்னொருவர் குரலில் திருப்பித் தருவது மற்றொன்று. 2020இல் வந்த 15.ஏஐ தளம் முதல் வகையைச் சேர்ந்தது. 'போர்ட்டல்' விளையாட்டின் கிளாடோஸ் உள்ளிட்ட பாத்திரங்கள், தட்டச்சு செய்ததையெல்லாம் அதில் பேசும். ரசிகர்கள் அதை வைத்துக்கொண்டு அடித்த கூத்துக்கு அளவே இல்லை. 2022இல் அந்தத் தளம் நின்றுபோனது.

என் ஓட்டு இரண்டாவது வழிக்கே. பகடியில் சிரிப்பு பிறப்பது வில்லன் எங்கே நிறுத்துகிறான், எந்தச் சொல்லைக் கடித்துத் துப்புகிறான் என்பதில்தான். அதை இயந்திரத்திடம் விட்டால் செய்தி வாசிப்பதுபோல் வாசித்துவிட்டுப் போய்விடும். நாமே நடித்துக் கொடுத்தால் அந்த நடிப்பு அப்படியே தங்கும். குரலின் நிறம் மட்டும் மாறும். ஆங்கிலப் பேச்சில் பழக்கப்பட்ட படிப்பான்கள் தமிழை, அதிலும் 'ழ'வை, படுத்தும் பாட்டைக் கேட்டவர்கள் வேறு காரணம் கேட்க மாட்டார்கள்.

நான் பயன்படுத்துவது ஆர்விசி (RVC). ஒருவரின் குரல் பதிவைக் கொடுத்துப் பயிற்றுவித்தால், நாம் பேசுவதை அந்தக் குரலுக்கு மாற்றித் தரும். 2023இல் வெளிவந்த திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது. சொந்தக் கணினியிலேயே ஓடும் என்பது எனக்கு முக்கியம். ஒருவரின் குரலை முகம் தெரியாத ஒரு தளத்தில் ஏற்றிவிட்டு, அது எங்கே போனதோ என்று யோசித்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

முதல் படி: வசனம்

பழைய கேம் பாத்திரங்கள் நீளமாகப் பேச மாட்டார்கள். ஆசை இல்லாமல் இல்லை, இடம் இல்லை. 1991இல் வந்த முதல் 'சோனிக்' விளையாட்டின் கேட்ரிட்ஜ், அதாவது ஆட்டம் அடங்கிய செருகுபெட்டி, 512 கிலோபைட். விநாடிக்கு 11,025 எண்கள், எண்ணுக்கு ஒரு பைட் என்று பேச்சைப் பதிந்தால், ஆட்டம், படம், இசை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பேச்சை மட்டும் அடைத்தாலும் 47 விநாடிக்கு மேல் கொள்ளாது. அதனால்தான் அந்தக் காலத்து வில்லன்கள் தந்தி அடிப்பதுபோல் பேசினார்கள். 1980களின் தொடக்கத்தில் வந்த 'சினிஸ்டார்' பூதம் "பசிக்கிறது" என்னும், "ஓடு, கோழையே" என்னும், உறுமும். இப்படிச் சில துண்டுகள்தான். ஆனாலும் கேட்டவர்கள் மறக்கவில்லை.

ஆகவே வாக்கியத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். பேசுகிற விஷயம் எவ்வளவு அற்பமானதோ அவ்வளவு நல்லது. நான் எழுதியதில் ஒரு பகுதி:

"நிறுத்து! எட்டு எழுத்து வேண்டும். நீ தந்தவை ஏழு. ஓர் எண் வேண்டும். பேரெழுத்து வேண்டும். என்ன? தமிழில் பேரெழுத்து கிடையாதா? அறிவாளி. அப்படியே அழிந்து போ."

இரண்டாம் படி: குரல் (நான் விழுந்த குழி)

வில்லன் குரலில் பேச வேண்டுமென்றால் வில்லனின் குரலைத்தானே கற்றுக்கொடுக்க வேண்டும்? அப்படித்தான் நானும் நினைத்தேன். பழைய விளையாட்டு ஒன்றின் கோப்புகளிலிருந்து வசனங்களைப் பிரித்தெடுத்தேன். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் தேறியது. பத்து நிமிடமாவது வேண்டும் என்று ஆர்விசியின் குறிப்பே சொல்கிறது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இரவு முழுவதும் பயிற்சி ஓடியது. காலையில் கேட்டால், யாரோ தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. நடுநடுவே தகரத்தைச் சுரண்டுகிற இரைச்சல் வேறு.

பயிற்சிச் சுற்றுகளைக் கூட்டினேன். இரைச்சல் நீக்கியைப் போட்டேன். பின்னணி இசையைப் பிரிக்க அல்டிமேட் வோக்கல் ரிமூவரில் இரண்டு முறை அலசி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் முன்னைவிட மோசம். பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, வேறு வழி தெரியாமல், அந்தக் கோப்பை ஆடாசிட்டியில் திறந்து அலைவடிவத்துக்குப் பதிலாக, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று வண்ணத்தில் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றினேன். கீழ்ப் பகுதியில் பளிச்சென்று வண்ணக் கோடுகள். ஐந்தரை கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றுமே இல்லை. கத்தியால் வெட்டியதுபோல் வெறும் கறுப்பு.

காரணம் எளிது. ஓர் ஒலிக்கோப்பின் சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை எண்கள் என்பது) எவ்வளவோ, அதில் பாதி அதிர்வெண் வரைதான் அது தாங்கும். அந்தப் பழைய வசனங்களைப்போல் 11,025 என்றால் 5,512 ஹெர்ட்ஸோடு சரி. நான் அதை 40,000க்கு உயர்த்திப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தேன். உயர்த்தினால் கோப்பு பெரிதாகுமே தவிர, இல்லாத ஒலி எங்கிருந்து வரும்? மேல் பகுதி காலி என்பதையும் சேர்த்தே மாடல் (பயிற்சியில் உருவாகும் குரல் கோப்பு) அந்தக் குரலின் குணமாகக் கற்றுக்கொண்டது. என் புதிய வசனத்தில் இருந்த மேல் அதிர்வெண்களை என்ன செய்வதென்று தெரியாமல் தகரத்தைச் சுரண்டியது.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட முறை ஒன்றுதான்: பழமையைக் கற்றுக்கொடுக்காதீர்கள், கடைசியில் பூசுங்கள். சுத்தமான, புதிய பதிவில் பயிற்சி கொடுங்கள். அந்தக் காலத்துக் கரகரப்பை எல்லாம் முடிந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

சுத்தமான பதிவு வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து பேச வேண்டுமே. பெரிய தொண்டை உள்ள நண்பர் ஒருவரைக் கேட்டேன், எதற்கு என்று விவரமாகச் சொன்னேன், சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. முதலில் நான் வெட்டியெடுத்த அந்த நான்கு நிமிடத்துக்கும் ஒரு நடிகர் இருந்தார். அவரை நான் கேட்கவே இல்லை. அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் வீடியோ கேம் கலைஞர்கள் 2024 ஜூலை முதல் ஏறத்தாழ ஓராண்டு வேலைநிறுத்தம் செய்ததற்கு முக்கியக் காரணமே இந்த விவகாரம்தான். ரசிகர் பகடி சிறிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டு வாங்கிய குரல் ஒலித்தரத்திலும் மேலாக இருக்கும்போது, கேட்காமல் எடுத்ததைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

பதிவுக்குச் சில குறிப்புகள். 48,000 சாம்பிள் ரேட், மோனோ (ஒற்றைத் தடம்). பதினைந்து நிமிடம் போதும். துணிகள் நிறைந்த அலமாரியின் முன்னால் உட்கார வையுங்கள், எதிரொலி அடங்கும். படிக்கக் கொடுக்கும் பத்தியில் ழ, ள, ண, ற, ஞ எல்லாம் நிறைய வர வேண்டும். முக்கியமாக, அவரை வில்லனைப்போலவே படிக்கச் சொல்லுங்கள். சாதாரணமாகப் படித்த குரலில் பயிற்சி பெற்ற மாடலிடம் உறுமலை எதிர்பார்த்தால் இருமல்தான் கிடைக்கும்.

மூன்றாம் படி: பயிற்சி

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்விசியின் இரண்டாம் பதிப்பு, 40கே (40,000 சாம்பிள் ரேட்), சுருதி கண்டறிய ஆர்எம்விபிஇ என்ற முறை. வேறு முறைகளும் பட்டியலில் இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். மொத்தம் 200 சுற்று, 25 சுற்றுக்கு ஒருமுறை சேமிப்பு. கடைசியில் வந்ததுதான் சிறந்தது என்று நம்பிவிடாமல் சேமித்த ஒவ்வொன்றையும் கேளுங்கள். எனக்கு 125ஆம் சுற்று பிடித்தது. அதற்கு மேல் குரல் விறைத்துப்போனது.

நான்காம் படி: நடித்து, மாற்றி எடுப்பது

ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாகப் பதியுங்கள். ஒரே மூச்சில் பேசினால் இயல்பாக ஏற்ற இறக்கம் வந்து, ஒரு வாக்கியம் அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும். பழைய விளையாட்டுகளில் வசனங்கள் துண்டு துண்டாகவே கிடந்தன. ஒவ்வொன்றும் புதிதாகப் பிறந்ததுபோல் ஒரே வேகத்தில் தொடங்கும். அந்த முட்டாள்தனமான முறுக்குதான் நமக்கு வேண்டியது. துண்டுகளுக்கு நடுவே அரை விநாடி மௌனம் விட்டு ஒட்டுங்கள்.

இப்போது சுருதி மாற்றம். ஆர்விசியில் அதற்கான பெட்டியில் போடும் எண் அரைச்சுரக் கணக்கு. பன்னிரண்டு என்றால் ஒரு ஸ்தாயி. ஆண் குரலைப் பெண் மாடலுக்கு அனுப்பக் கூட்டல் 12, மறுதலைக்குக் கழித்தல் 12 என்று எல்லோரும் சொல்வார்கள். அது தொடக்கப் புள்ளி மட்டுமே. என் குரல் நண்பரின் குரலைவிடச் சற்றே மேலே இருக்கிறது. கழித்தல் 12 போட்டபோது வில்லன் பாதாளத்துக்குள் போய்விட்டான். கழித்தல் 5இல் மேலே வந்தான்.

அடுத்தது இண்டெக்ஸ் விகிதம். மாடல் தன்னிடம் உள்ள குரல் துணுக்குகளை எவ்வளவு தூரம் பார்த்துப் போட வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. இயல்பாக 0.75இல் இருக்கும். அதில் விட்டால் 'அழிந்து போ' என்பது 'அலிந்து போ' ஆகிவிட்டது. வில்லன் மிரட்டுகிறானா, மழலை பேசுகிறானா என்றே தெரியவில்லை. 0.4க்கு இறக்கியதும் 'ழ' திரும்பி வந்தது. குரல் கொஞ்சம் என் சாயலுக்கு நகர்ந்ததுதான். பரவாயில்லை, தமிழ் பிழைத்தது. மூச்சொலியையும் மெய்யொலிகளையும் காக்க 'ப்ரொடெக்ட்' என்று ஒரு பெட்டி இருக்கும், அதை 0.33இலேயே விடுங்கள்.

கிளாடோஸ் மாதிரி உணர்ச்சியற்ற இயந்திரக் குரல்தான் உங்கள் இலக்கு என்றால் இத்தனை பாடே வேண்டியதில்லை. 2007இல் அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த எலன் மெக்லெய்ன், கணினி படித்துக்காட்டிய வசனத்தைக் கேட்டு, அதைப் போலவே நடித்தார். பிறகு சுருதித் திருத்தும் மென்பொருளில் அதைத் தட்டையாக்கினார்கள். மனிதர் இயந்திரத்தைப் பார்த்து நடித்தார். இப்போது நாம் இயந்திரத்தை விட்டு அந்த மனிதரைப்போலப் பேசச் சொல்கிறோம். உங்கள் சொந்தக் குரலைத் தட்டையாகப் பேசிப் பதிந்து, சுருதியை ஒரே கோட்டில் இழுத்து நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஐந்தாம் படி: பழமை பூசுதல்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம். ஆடாசிட்டியில் ட்ராக்ஸ் பட்டியலில் ரீசாம்பிள் என்பதைத் தேர்ந்து 11,025 கொடுங்கள். குரலின் மேல் பகுதி உதிர்ந்துவிடும். முன்பு எந்தக் கறுப்பைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டேனோ, அதே கறுப்பை இப்போது நானே வரவழைக்கிறேன். பிறகு 8 பிட் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ஏற்றுமதிக்கு முன் ஒலியளவை நன்றாக உயர்த்திக்கொள்ளுங்கள். 8 பிட் என்றால் ஏறி இறங்க 256 படிகள்தான். குரல் தணிவாக இருந்தால் அவற்றில் பத்துப் பதினைந்தை மட்டுமே பயன்படுத்தும்; அப்போது இரைச்சல் குரலையே மூழ்கடிக்கும்.

எதிரொலி சேர்க்கத் தோன்றும். வேண்டாம். அந்தக் காலத்து வில்லன்களுக்கு எதிரொலிக்கு நினைவகம் கிடையாது.

ஒலித்துண்டின் தலைப்பிலேயே, செயற்கையாக மாற்றிய குரல் என்று எழுதிவிடுங்கள். நகைச்சுவை ஒன்றும் குறைந்துவிடாது.

பின்சேர்க்கை 1: 8 பிட்டில் கரகரப்புக்குப் பதிலாக மழை பெய்வதுபோல் 'உஸ்' என்ற சத்தம் வருகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். எனக்கு வரவில்லையே என்று குழம்பினேன். என் கணினியில் எப்போதோ டிதர் வசதியை அணைத்து வைத்திருக்கிறேன், அதையே மறந்துவிட்டேன். எண்களைக் குறைக்கும்போது கரகரப்பு தெரியாமலிருக்க மெல்லிய இரைச்சலைத் தூவுவதுதான் டிதர். நமக்குக் கரகரப்புதானே வேண்டும்? ஆடாசிட்டியின் விருப்பங்களில் (Preferences) தரம் (Quality) என்ற பக்கத்துக்குப் போய், உயர்தர மாற்றத்துக்கான டிதரை 'இல்லை' என்று வையுங்கள்.

பின்சேர்க்கை 2: சொற்களின் கடைசி எழுத்து விழுங்கப்படுகிறது என்ற ஒருவருக்குப் பல நாள் விடை தெரியவில்லை. மடிக்கணினியின் 'குரல் மேம்பாடு' வசதி, வாக்கிய முடிவை இரைச்சல் என்று நினைத்து வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அணைத்ததும் சரியாயிற்று என்று எழுதினார்.

பின்சேர்க்கை 3: கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால்? பயிற்சிக்கு அது வேண்டும். மாற்றி எடுப்பதற்குச் சாதாரணக் கணினி போதும், பொறுமைதான் கூடுதலாக வேண்டும். "அப்படியானால் பயிற்சி முடிந்த உங்கள் மாடல் கோப்பையே கொடுத்துவிடுங்களேன்" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நண்பரிடம் கேட்டேன். "நீ என்னை வைத்து விளையாடு, ஊரெல்லாம் வேண்டாம்" என்றார். அதனால் கோப்பு கிடையாது. வேண்டுமானால் அவருக்குப் படிக்கக் கொடுத்த பதினைந்து நிமிடப் பத்தியைத் தருகிறேன். அதில் 'ழ' மட்டும் இருநூறு முறைக்கு மேல் வரும்.