மெதுவாக ஓடுபவரின் நேரக் கணக்கு

கிலோமீட்டருக்கு 6 நிமிடம் எடுப்பவரும் 9 நிமிடம் எடுப்பவரும் ஓடுவது அதே 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தான்தான். ஆனால் முன்னவர் ஏறத்தாழ 2 மணி 7 நிமிடத்தில் வீடு திரும்பத் தயாராகிவிடுவார், பின்னவரோ 3 மணி 10 நிமிடம் சாலையில் இருப்பார். தாகம், வெயில், தொடை உராய்வு, குதிகால் வலி எல்லாம் அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தில்தான் தலைகாட்டும். ஆகவே பினாங்கில் ஓடத் தொடங்கும் மெதுவான ஓட்டக்காரர், தூரத்தை அளப்பதற்கு முன்பு நேரத்தை அளந்து பழக வேண்டும்.

முதல் இரண்டு மாதங்களுக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 30 முதல் 40 நிமிடம் போதுமானது. இரண்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கலாம். இடையில் நடப்பதை இழுக்காகக் கருத வேண்டியதில்லை. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கேலோவே பரப்பிய முறையே இதுதான். களைத்த பிறகு நடப்பதல்ல, களைப்பதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்து நடப்பதே இதன் நுணுக்கம். ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். வார இறுதியின் நீண்ட ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஆனால் 42.2 கிலோமீட்டர் முழு மாரத்தானுக்குத் தயாராகும்போதும் மூன்று, மூன்றரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. அதற்கு மேல் ஓடினால் கிடைக்கும் பலனைவிடக் கால்கள் தேற எடுக்கும் நாள்களே அதிகம்.

தண்ணீர்மலைப் பக்கமுள்ள தாவரவியல் பூங்காவில் காலையில் ஓடலாம். நிழல் உண்டு, குரங்குகளும் உண்டு என்பதால் உணவுப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். அங்கிருந்து பினாங்கு கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர்தான் என்றாலும் மிகச் செங்குத்தானது. அதில் ஏற்றம், இறக்கம் இரண்டையும் நடந்தே கடப்பது முழங்காலுக்கு நல்லது. புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்று வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.

போட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பதக்கத்தையும் சட்டையையும் பார்ப்பதற்கு முன் நேர வரம்பைப் படியுங்கள். 7 மணி நேரம் தரும் முழு மாரத்தானில் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 57 வினாடி கிடைக்கிறது. ஆனால் பல போட்டிகளில் வரம்பு தொடக்க ஒலி எழும்பிய நொடியிலிருந்தே எண்ணப்படுகிறது. கூட்டத்தின் பின்னால் நிற்கும் நாம் கோட்டைத் தாண்டவே சில நிமிடங்கள் ஆகும், கழிப்பறை வரிசையில் மேலும் சில நிமிடங்கள் போகும். எனவே 9 நிமிடம் 30 வினாடியைக் குறியாக வைத்தால் ஏறத்தாழ 19 நிமிடம் கையில் இருக்கும். இடைப்பட்ட சோதனைச் சாவடிகளுக்குத் தனி வரம்பு உண்டா என்பதையும் கேட்டறியுங்கள். பினாங்குப் பாலத்தில் நடக்கும் போட்டியில் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: 1985இல் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும், கப்பல்கள் போவதற்காக நடுவில் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 33 மீட்டர் உயர்கிறது. நள்ளிரவுக்குப் பின் தொடங்கும் முழு மாரத்தானில் வேகமானவர்கள் இருட்டிலேயே முடித்துவிடுவார்கள். கடைசி ஒரு மணி நேர வெயில் நமக்கானது, ஆதலால் தொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புங்கள்.

நெடுநேரம் சாலையில் இருப்பவர், ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பதால், தேவைக்கு மேல் நீர் அருந்தும் அபாயமும் உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தப் பரிசோதனைக்கு உட்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு, நீர் மிகுந்தால் இரத்தத்தில் நீர்த்துப்போகும் உப்புச்சத்தான சோடியம் குறைந்திருந்தது. 4 மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடமும் ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமும் அது மிகுதியாகக் காணப்பட்டது. தாகத்துக்குக் குடியுங்கள், விரல்கள் வீங்கி, குமட்டலும் தலைவலியும் தோன்றினால் குடிப்பதை நிறுத்தி மருத்துவக் குழுவிடம் செல்லுங்கள்.

காயத்தைப் பொறுத்தவரை, காலையில் படுக்கையைவிட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் அது பெரும்பாலும் பாதத்தின் அடித்தசைநார் அழற்சி. நான் அதை இரண்டு மாதம் அலட்சியப்படுத்தி, ஆறு மாதம் ஓடாமல் இருந்தேன். கெண்டைக்காலை நீட்டுவதும், ஓட்டத்தைப் பாதியாகக் குறைப்பதும், வீட்டுத் தரையில் வெறுங்காலோடு நடக்காதிருப்பதும் பலருக்குப் பயன் தரும். ஒரே புள்ளியில் எலும்பு வலித்து, ஓய்விலும் இரவிலும் வலி தொடர்ந்தால், அது அழுத்த முறிவாக, அதாவது எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசலாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஓட முடியாத மாதங்களில் தன்னார்வலராக நிற்கலாம். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் நின்றவர்களுக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். குவளையைப் பாதியளவே நிரப்பி, விளிம்பை விரல் நுனியால் பிடித்து நீட்டுங்கள்; நடுப்பகுதி ஓடுபவரின் கைக்கு. குவளையில் இருப்பது வெறும் நீரா, உப்புச்சத்துப் பானமா என்பதை உரக்கச் சொல்லுங்கள், வெறும் நீரென்றால் மலாயில் 'ஆயர் கோசோங்' என்று, ஏனெனில் பானத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் மேசையில் எல்லாரும் மொய்ப்பார்கள், அவர்களைக் கடைசி மேசைக்கு அனுப்புங்கள். குவளைகளை எண்ணிப் பார்த்து, பின்வரிசைக்கென்று ஒரு பெட்டியை மேசைக்கு அடியில் ஒதுக்கி வையுங்கள். ஒரு போட்டியில் 18ஆவது கிலோமீட்டரில் எனக்குக் கிடைத்தது காலிப் பெட்டிகளும் மடக்கிய மேசையும் மட்டுமே. கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் வரும் பேருந்து உங்கள் மேசையைக் கடந்த பிறகு மடக்கலாம்.