எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குக் கைப்பணம் கட்டும் முன்

புது நாட்டில் பணிநேரமும் உறக்கமும் தலைகீழாகி, ஏற்கெனவே இருந்த எடை இன்னும் கூடி, அதோடு சர்க்கரையும் ஏறிவிட்ட நிலையில், காப்பீடு கைவிரித்துவிட்டது என்பதற்காகச் சேமிப்பை எடுத்து அறுவை சிகிச்சைக்குக் கட்டிவிடலாமா என்ற கேள்வி வந்த முதல் ஆண்டிலேயே சிலருக்கு எழுகிறது. கட்டுவது சரியான முடிவாக அமையும் சூழ்நிலைகள் உண்டு. ஆனால் காப்பீடு மறுத்துவிட்டது என்று சொல்பவர்களிடம் மறுப்புக் கடிதம் எங்கே என்று கேட்டால், தொலைபேசியில் யாரோ அப்படிச் சொன்னார்கள் என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது.

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அதற்கான காரணத்தையும் அதிலேயே கேளுங்கள். இந்தச் சிகிச்சையே திட்டத்தில் இல்லை என்பது ஒரு காரணம். முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முடியவில்லை என்பது முற்றிலும் வேறொரு காரணம். இரண்டாவது காரணம் என்றால், சில மாதங்கள் பொறுத்திருப்பது பெருந்தொகையை மிச்சப்படுத்தக்கூடும். ஆவணங்கள் போதவில்லை என்றால், முன்பு பார்த்த மருத்துவரிடமிருந்து பழைய எடைக் குறிப்புகளையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் வரவழைத்துப் புதிய குடும்ப மருத்துவரின் கோப்பில் சேர்க்க வேண்டும். எடை வரம்பை எட்டவில்லை என்று எழுதியிருந்தால், நம்மவர்கள் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 1991இல் வகுத்த வரம்பின்படி, பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 40 இருக்க வேண்டும்; எடையால் வந்த கடும் நோய்கள் இருந்தால் 35 போதும். பழைய வரம்பையே பிடித்துக்கொண்டிருக்கும் காப்பீட்டுத் திட்டங்கள் இன்றும் உள்ளன. 2022இல் அமெரிக்க மற்றும் பன்னாட்டு உடற்பருமன் அறுவை சிகிச்சைச் சங்கங்கள் இணைந்து அதைத் திருத்தின. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 35 என்றும், சர்க்கரை போன்ற வளர்சிதைமாற்ற நோய் உள்ளவர்களுக்கு 30 முதலே பரிசீலிக்கலாம் என்றும், ஆசியர்களுக்கு 27.5 முதலே இந்தச் சிகிச்சையை முன்வைக்கலாம் என்றும் அவை கூறின. தெற்காசிய உடல்வாகில் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுவதே இதற்குக் காரணம். 165 செ.மீ. உயரமும் 92 கிலோ எடையும் உள்ள ஓர் ஆசியரின் பி.எம்.ஐ. ஏறத்தாழ 33.8. பழைய கணக்கில் அவருக்கு எந்த வழியும் இல்லை. புதிய கணக்கில் அவர் வரம்பைத் தாண்டி நிற்கிறார். பூர்வீகத்தையும் 2022 வழிகாட்டுதலையும் குறிப்பிட்டு மருத்துவர் எழுதும் ஒரு பக்கக் கடிதத்துடன் மேல்முறையீடு செய்வதற்கு அதிகச் செலவில்லை. வெற்றி நிச்சயமில்லை என்றாலும், அதைச் செய்யாமல் சேமிப்பில் கை வைப்பது அவசரமே.

மேல்முறையீட்டுக்குப் பிறகும் நாமே கட்ட வேண்டியிருந்தால், மருத்துவமனை தரும் விலைத்தாளை நிதானமாகப் படியுங்கள். அறுவை மருத்துவர், மயக்க மருந்து, அறுவை அரங்கு, சில இரவுகள் தங்குவது என்று அது பெரும்பாலும் அந்த வாரத்தோடு முடிந்துவிடும். முன்கூட்டிய எண்டோஸ்கோப்பி (கேமரா குழாயால் இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை), தைத்த இடத்தில் கசிவோ இரத்தப்போக்கோ ஏற்பட்டால் செய்யும் மறு அறுவை, தீவிர சிகிச்சைப் பிரிவு, உணவியல் ஆலோசனை, வேகமாக எடை குறைவதால் வரக்கூடிய பித்தப்பைக் கற்கள், தொங்கும் தோலுக்கான சிகிச்சை ஆகியவை அதில் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இதற்காகவே சொன்னது போலிருக்கும்.

இந்த அறுவையின் இரண்டு முறைகளை அறிந்துகொள்ளுங்கள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றப்படுகிறது. அதைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸ் முறையில் சிறுகுடலின் ஒரு பகுதி தவிர்க்கப்படுவதால் சத்துகள் உறிஞ்சப்படுவதும் குறைகிறது. எந்த முறையானாலும் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றைக் கண்காணிக்கும் இரத்தப் பரிசோதனைகளும் மாத்திரைகளும் ஆயுள் முழுவதும் தொடரும். குழந்தை பெற நினைக்கும் பெண்கள் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை தள்ளிப்போடுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். குடியேற்றத் திட்டங்களோடு சேர்த்து இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

செலவு குறைவு என்று பிறந்த நாட்டுக்கோ மூன்றாவது நாட்டுக்கோ போய்ச் செய்துகொள்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தையல் கசிவு வீடு திரும்பிய பிறகும் தலைகாட்டலாம். இரத்தக் கட்டி உருவாகும் அபாயத்தை நீண்ட விமானப் பயணம் கூட்டும். அறுவை முடிந்து பத்தாம் நாள், நள்ளிரவில், படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120ஐத் தாண்டுகிறது, காய்ச்சலும் தோள்பட்டை வலியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இவை கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது யாரை அழைப்பீர்கள், அந்தச் செலவைக் காப்பீடு ஏற்குமா என்பதற்கு விடை பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சொந்தச் செலவில் செய்துகொண்ட சிகிச்சையின் சிக்கல்களை ஏற்க மறுக்கும் திட்டங்கள் உண்டு.

காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. சர்க்கரை நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு அறுவைக்குப் பின் அது தணியும் வாய்ப்பு அதிகம். நோய் முற்றி இன்சுலினுக்குப் போனவர்களுக்குக் குறைவு. ஆகவே அறுவைக்கான காத்திருப்பு வரிசையில் ஐந்து ஆண்டுகள் நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பணம் கட்ட முடிவெடுத்தால் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். எடையைக் குறைக்கும் செமாகுளுடைட், டிர்செபடைட் போன்ற வாரம் ஒருமுறை போடும் ஊசிகளையும் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுவதால், ஒரு மாதச் செலவைப் பார்க்காமல் ஐந்தாண்டுச் செலவைப் போட்டு அறுவையோடு ஒப்பிட வேண்டும்.

பணம் கட்டிய பிறகும் ஆறு மாதக் குடும்பச் செலவு கையில் மிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு. விசா வேலையைச் சார்ந்திருப்பவர்களுக்கும், இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களுக்கும் இது கட்டாயம். இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்தும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம். கட்டுவதாக முடிவு செய்தால், முன்பணம் எந்த நிலையில் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அறுவைக் குறிப்பின் முழுப் பிரதியை, நீங்கள் வாழும் நாட்டு மருத்துவர் படிக்கக்கூடிய மொழியில், மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே பெற்று, கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.