பிக்கப்புக்கு ராணுவ டிரெய்லர் வாங்குகிறவர்களுக்கு

அமெரிக்க ராணுவம் கழித்துவிடும் சரக்கு டிரெய்லர்கள் ஏலத்துக்கு வந்தால் எல்லாருடைய கண்ணும் முதலில் பெட்டியின் மேல்தான் போகும். எத்தனை மூட்டை பிடிக்கும், மேலே கூடாரம் போடலாமா என்று கணக்குப் போடுவார்கள். டெக்ஸஸில் பிக்கப் ஓட்டுகிறவன், ஊருக்கு வெளியே கரடான கொஞ்சம் நிலமும் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெட்டியைக் கடைசியில் பாருங்கள். முதலில் சக்கரத்தருகே குந்தி உட்காருங்கள்.

அதற்கு முன், எந்த வகை என்று முடிவு செய்யவேண்டும். ஜீப்புக்கென்று செய்த எம்-416 கால் டன் வகை. காலியாக 570 பவுண்டு அளவில்தான் இருக்கும். தண்ணீரில் மிதக்கவும் செய்யும். பார்க்க அழகுதான், ஆனால் பிக்கப்பின் தொட்டியே அதைவிட அதிகம் சுமக்கும்போது அது எதற்கு? மறுகோடியில் எம்-105 இருக்கிறது. இரண்டரை டன் ராணுவ லாரிக்குப் பின்னால் ஓடிய ஒன்றரை டன் வகை. விலை மலிவாகப் போகும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெறும் வண்டியே 2,700 பவுண்டு அளவில் இருக்கிறது. பிரேக் லாரியிலிருந்து வரும் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. உங்கள் பிக்கப்பில் அந்தக் காற்று எங்கே? என் நண்பர் ஒருவர் வாங்கிய எம்-105 இப்போது அவர் வீட்டுப் பின்புறத்தில் விறகு சேமிக்கும் கிடங்கு. நல்ல கிடங்கு என்பதை மறுக்கமாட்டேன்.

பிக்கப்புக்கு ஏற்றவை நடுவில் உள்ள இரண்டும்தான். ஒன்று, முக்கால் டன் எம்-101. எஃகுப் பெட்டி, எளிய அமைப்பு, யார் வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம். பழைய வண்டிகளில் நிறுத்திவைக்கும் கைப்பிரேக் மட்டுமே இருக்கும் என்பதால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றொன்று, ஹம்வீ என்ற ராணுவ வண்டிக்காக வந்த எம்-1101, அதன் கனரக உடன்பிறப்பு எம்-1102. அலுமினியப் பெட்டி. சுமையோடு சேர்த்து முதலாவதன் எடை வரம்பு 3,400 பவுண்டு, இரண்டாவது 4,200. பிக்கப் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையிலேயே அழுந்தும் பிரேக் இவற்றில் உண்டு. டெக்ஸஸ் சட்டம் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டினால்தான் டிரெய்லருக்குப் பிரேக் கேட்கிறது. ஆனாலும் மலைப்பாதையில் இறங்கும்போது சட்டமா வந்து வண்டியை நிறுத்தப்போகிறது? என் தேர்வு எம்-1101.

இனி சக்கரம். எம்-1101-இல் இருப்பதும் ஹம்வீயின் சக்கரம்தான். அதில் எட்டு போல்ட், ஆறரை அங்குல வட்டத்தில். 2010 வரை வந்த செவர்லே 2500 பிக்கப்பிலும், ராம் 2500-இலும் இதே அளவுதான். இந்த வண்டி உங்களிடம் இருந்தால், ரிம்மின் உட்குழிவு எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொண்டு, இரண்டுக்கும் ஒரே ஸ்டெப்னி போதும்படி அமைத்துக்கொள்ளலாம். ஃபோர்டு 1999-இல் சூப்பர் டியூட்டி வண்டிகளுக்கு அளவை மாற்றிவிட்டது, அந்த வண்டிக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.

டயரின் பக்கவாட்டில் உற்பத்தித் தேதியைக் காட்டும் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். ‘1411’ என்றிருந்தால் 2011-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரத்தில் செய்தது. தரையில் படும் பக்கத்தின் வரிப்பள்ளங்கள் புதிதுபோல் இருக்கும், ஏனென்றால் வண்டி ஓடவே இல்லை. ஆனால் விரலால் அழுத்தி வளைத்தால் பக்கவாட்டில் நூல் நூலாக வெடிப்பு விரியும். அந்த டயரில் நெடுஞ்சாலை ஏறாதீர்கள். மாற்றும்போது இரண்டு எச்சரிக்கைகள். ஹம்வீ டயர் 16.5 அங்குல ரிம்முக்கானது. கடைக்காரர் 16 அங்குல டயரைப் போட்டுத்தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அது ரிம்மில் சரியாக அமராது. இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. அந்த ரிம் இரண்டு துண்டுகளை போல்ட்டால் பிணைத்தது. காற்று முழுக்க இறங்கும் முன் அந்த நட்டுகளில் ஸ்பேனரை வைக்கக் கூடாது. துண்டு வெடித்து எழுந்தால் முகம் மிஞ்சாது.

இழுக்கும் முனையில் பந்துக் கொக்கி இருக்காது. மூன்று அங்குல வளையம் இருக்கும். அதற்கேற்ற பின்டில் கொக்கியை, பிக்கப்பின் பின்னால் இருக்கும் இரண்டு அங்குல ரிசீவர் என்ற சதுரக் குழலில் செருகும் தகட்டோடு, எந்த டிரெய்லர் கடையிலும் வாங்கலாம். வளையம் ‘டங் டங்’ என்று அடித்துக்கொள்ளும், என் மனைவிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவே இல்லை. ஆனால் பள்ளம் மேடான பாதையில் பிக்கப் ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாயும்போது வளையம் சுழன்று கொடுக்கும். அதற்காகச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். டிரெய்லரைச் சமமாக நிறுத்தி, வளையத்தின் உயரத்தை அளந்த பிறகே தகடு வாங்குங்கள். சுமையோடு சேர்த்து டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அமரவேண்டும்.

விளக்குகள் 24 வோல்ட், பிளக் பன்னிரண்டு முனை. பிக்கப்பில் 12 வோல்ட். மிரளவேண்டாம். பின்விளக்கு, இடது, வலது, எர்த் என்று நான்கு கம்பிகளை மல்டிமீட்டரால் கண்டுபிடித்து, பல்பை மாற்றினால் முடிந்தது. பிரேக் திரவத்தில்தான் கவனம் வேண்டும். ராணுவம் சிலிக்கோன் வகையைப் பயன்படுத்துகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண டாட்-3 வகைத் திரவத்தை அதன்மேல் ஊற்றாதீர்கள். முழுக்க வடித்துக் கழுவிவிட்டு, ஏதாவது ஒன்றை மட்டும் நிரப்புங்கள். பெயிண்டையும் தேய்க்கவேண்டாம். அது ரசாயனத் தாக்குதலைத் தாங்குவதற்கான பூச்சு. உரசினால் கிளம்பும் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

காகிதம். சில ஏல வண்டிகள் எஸ்எஃப்-97 என்ற அரசுச் சான்றுப் படிவத்தோடு விற்கப்படும். சிலவற்றுக்கு வெறும் ரசீதுதான். அந்தப் படிவம் இருந்தால்தான் உரிமைச் சான்று வாங்குவது எளிது, அதுவும் கையோடு வராது, வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். பெட்டியில் அறைந்த தகட்டில் இருக்கும் தொடர் எண்ணும் ஏலப் பட்டியலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று படம் எடுத்து ஒப்பிடுங்கள். ஓர் எண் மாறினாலும் பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள். எண் தகடு கிடைக்கும் வரை தன் சக்கரத்தில் ஓட்டிவருவதை நான் ஆதரிப்பதில்லை. தட்டை டிரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்து அதன் மேல் ஏற்றி வாருங்கள். வீடு சேர்ந்ததும் முதல் வேலை, அச்சு பேரிங்குகளைக் கழற்றிப் பழைய கிரீஸை வழித்தெடுப்பது.