செவ்வாய்க் கதைகளையும் டிஸ்டோபியக் கதைகளையும் நுணுகி வாசிக்கும் முறை

செவ்வாயைக் களமாகக் கொண்ட பழைய அறிவியல் புனைகதையைக் கையில் எடுத்ததும், அது வெளிவந்த ஆண்டை முதலில் பாருங்கள். 1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி அக்கோளில் கண்டதாகச் சொன்ன கோடுகள் ஆங்கிலத்தில், யாரோ வெட்டியவை என்று பொருள்படும் 'கால்வாய்கள்' ஆனதிலிருந்து, நீர் வற்றி மடியும் முதிய நாகரிகம் என்னும் கற்பனை வளர்ந்தது. 1965இல் மரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்கள் அதைக் கலைத்தன.

அடுத்து, யாருடைய நிலத்தில் யார் இறங்குகிறார்கள் என்று கேளுங்கள். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸின் 1898ஆம் ஆண்டு நாவலான 'உலகங்களின் போர்', டாஸ்மேனியப் பழங்குடியினருக்கு ஐரோப்பியர் இழைத்த அழிவைத் தொடக்கத்திலேயே நினைவூட்டிவிட்டு, செவ்வாய்வாசிகளை இங்கிலாந்தின் மீது ஏவுகிறது, காலனியாதிக்கம் தலைகீழாகிறது. அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் 1950ஆம் ஆண்டு நூலான 'தி மார்ஷியன் க்ரானிக்கிள்ஸ்'-இல் மனிதர்களே வந்தேறிகள். அங்கே செவ்வாய்வாசிகளை மாய்ப்பது படையன்று, சின்னம்மை.

டிஸ்டோபியக் கதைகளில், அதாவது கொடிய ஒடுக்குமுறை நிலவும் கற்பனைச் சமூகத்தைக் காட்டும் கதைகளில், மொழியைக் கவனியுங்கள். என் மட்டில் மிகச் செழிப்பான இடம் இதுவே. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் 1949ஆம் ஆண்டு நாவலான '1984'-இல் சொற்கள் ஆண்டுதோறும் குறைக்கப்படுகின்றன. ரஷ்ய எழுத்தாளர் ஜாமியாதினின் 'நாங்கள்' நாவலில் மனிதருக்குப் பெயரில்லை, எண்தான் உண்டு. நாட்குறிப்பாக அமைந்த அக்கதையைச் சொல்பவன் அரசை நம்புகிறவன் என்பதால், அவன் தயங்கி நிறுத்தும் வாக்கியங்களையும் தன்னை மறுத்துக்கொள்ளும் இடங்களையும் குறித்துவைத்துக்கொண்டு வாசியுங்கள்.