தங்க நானோ கரைசலில் சிறுநீர்ச் சோதனை: நீலமானதும் ‘பாசிட்டிவ்’ எழுதாதீர்கள்

சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, மாதுளைச் சாறு போன்ற தங்க நானோ கரைசலில் (மிக நுண்ணிய தங்கத் துகள்கள் மிதக்கும் நீரில்) சிறுநீரை விட்டதும் நாவல்பழ நிறம் வந்தால், கை தானாக ‘பாசிட்டிவ்’ எழுதப் போகும். நிறுத்துங்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்பதை மட்டும்தான் அந்த நிறம் சொல்கிறது. எதனால் ஒட்டின என்று சொல்லாது. 13 நானோமீட்டர் துகள்கள் தனித்தனியாக மிதந்தால் 520 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சும், சிவப்பாகத் தெரியும். கூட்டம் சேர்ந்தால் உறிஞ்சல் 650 பக்கம் நகர்ந்து நீலமாகும். சிறுநீரில் வெளியேறும் தசைக் கழிவான கிரியேட்டினின், துகளைப் போர்த்தியிருக்கும் சிட்ரேட்டை விலக்கி இதைச் செய்கிறது. உப்பும் இதையே செய்யும்.

அங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். சிறுநீரில் உப்பின் சோடியம் 200 மில்லிமோலார் (அடர்த்தி அலகு) வரை கூட இருக்கலாம். கரைசலும் சிறுநீரும் சரிக்குச் சரி கலந்தால் உப்பு மட்டும் 100 ஆகிறது. ஆரோக்கியமானவரின் சிறுநீரும் நீலமாகிவிடும். சிறுநீரைப் பத்து மடங்கு நீர்த்து, 500 மைக்ரோலிட்டர் கரைசலுக்கு 50 மைக்ரோலிட்டர் விட்டால் அதே உப்பு 2 மில்லிமோலாருக்குக் கீழே இறங்கிவிடும்.

நீர்ப்பதற்கும் கழுவுவதற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். நாகை, வேதாரண்யம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு தூக்கல். அதில் அலசிக் காயவைத்த டியூபின் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் நிற்கும். சிறுநீர் விடும் முன்பே கரைசலைக் கெடுக்க அதுவே போதும்.

இதைவிட ஆபத்தான தவறு, சிவப்பாகவே இருந்தால் ‘நல்லது’ என்று அனுப்பிவிடுவது. ஆல்புமின் என்ற புரதம் நிறைய இருந்தால் அது துகள்மேல் படிந்து மேலங்கி போலக் காக்கும், துகள்கள் ஒட்டாது. சிறுநீரகம் மோசமாகப் புரதத்தை ஒழுகவிடும் நோயாளியின் டியூபே அழகான சிவப்பில் நிற்கலாம். அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் இன்னொரு டியூப் வையுங்கள்: அதே சிறுநீர், கூடவே தெரிந்த அளவு கிரியேட்டினின். அதிலும் நிறம் மாறாவிட்டால் ஏதோ மறைக்கிறது. அந்த முடிவு செல்லாது. கரைசலும் தண்ணீரும் மட்டும் உள்ள டியூப் ஒன்று, உப்புக் கரைசல் விட்ட டியூப் ஒன்று என இரண்டு எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். முதலாவது சிவப்பாகவே இருக்க வேண்டும், இரண்டாவது நீலமாக வேண்டும்.

கரைசலை நீங்களே காய்ச்சினால்: 1 மில்லிமோலார் தங்க குளோரைடு 100 மில்லியைக் கொதிக்கவிட்டு, 38.8 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட் 10 மில்லியை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் துகள்கள் பெரிதும் சிறிதுமாகும். மஞ்சள் வெளுத்து, கறுத்து, ஊதாவாகிச் சிவக்கும். ஊதாவில் அடுப்பை அணைத்துவிடாதீர்கள். தங்க குளோரைடை உலோகக் கரண்டியால் அள்ளவே கூடாது, அதிலேயே தங்கம் படிந்துவிடும். ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசரில் உறைந்தால் துகள்கள் திரும்பப் பிரியாது.

மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியம். குறுவை நடவில் நாள் முழுக்கக் குனிந்து வேர்த்தவரின் மாலைச் சிறுநீர் கெட்டியாக இருக்கும். கடும் உழைப்பும் காய்ச்சலும் ஆல்புமினைத் தற்காலிகமாக ஏற்றும். காலையில் எழுந்ததும் முதல் சிறுநீர், அதிலும் நடுப்பகுதியைப் பிடிக்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நாட்களில் வேண்டாம். இங்குள்ள வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

நிறத்தை எல்லா டியூபிலும் கலந்ததிலிருந்து ஒரே அளவு நேரம் கழித்து, வெள்ளைத் தாள் முன் பாருங்கள். செல்போன் கேமரா நிறத்தைத் தானே திருத்திக்கொள்ளும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவரின் சிறுநீரே ஆரஞ்சாக இருக்கும், கேட்டுவிடுங்கள்.

சந்தேகமான மாதிரியை லேப்பில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதத்துக்கு அனுப்புங்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமினோ அதற்கு மேலோ இருந்து, அது மூன்று மாதம் கழித்தும் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று மருத்துவர் முடிவு செய்வார்.