புள்ளடியிடுமுன் பட்டியலைப் பாருங்கள்
தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் அறைகளின் நிலையறிந்த ஒருவருக்கே வாக்களிப்போம் என்று நுவரெலியா மாவட்டத்தில் நாம் எண்ணுவது நியாயமே. ஆயினும் பாராளுமன்றத் தேர்தலில் வாக்கு முதலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோதான் சேர்கிறது என்பதால், அவர் பெயருள்ள அந்த வேட்பாளர் பட்டியல் மாவட்டத்தில் 5 வீத வாக்குகளைப் பெறாவிடில், அவர் எத்தனை விருப்பு வாக்குகள் (பட்டியலில் உள்ள தனி வேட்பாளருக்கு இடும் வாக்குகள்) பெற்றாலும் தெரிவாக மாட்டார். அவரோடு நிற்கும் மற்றவர்களையும் ஆராயுங்கள்; நாம் விரும்பாத ஒருவர் நம் வாக்கின் பலத்தில் உள்ளே சென்றுவிடக்கூடும் என்பதே எனக்குப் பெருங்கவலை. பட்டியலைத் தீர்மானித்த பின், அதிலுள்ள 3 பேர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். காணி உரிமைக்காகவும் வீட்டுக்காகவும் இதுவரை உழைத்தவர் யார் என்பதை அப்போது பாருங்கள். கட்சிக்குப் புள்ளடியிடாமல் வேட்பாளரின் விருப்பு இலக்கத்தை மட்டும் குறித்தால் வாக்கு நிராகரிக்கப்படும் என்பதைத் தோட்டத்து முதியவர்களுக்குப் பொறுமையாக விளக்குங்கள்.