பூசணி கஸ்டர்ட் பை: விழுதின் தண்ணீரை வற்றவிட்டால் பாதி வேலை முடிந்தது

வெளிநாட்டுச் செய்முறைகள் சொல்வது டின்னில் வரும் கெட்டியான பூசணி விழுதை. நம்மூர்ச் சந்தையில் கிடைக்கும் மஞ்சள் பூசணியில் தண்ணீர் அதிகம். மசித்து அப்படியே ஊற்றினால் நடுப்பகுதி இறுகாது, அடிமாவும் ஊறிவிடும்.

தட்டு 23 செ.மீ அகலம், 4 செ.மீ ஆழம் இருக்கட்டும்.

அடிமாவுக்கு: கோதுமை மா 180 கிராம், உப்புப் போட்ட பட்டர் 100 கிராம், சீனி 1 மேசைக்கரண்டி, ஐஸ் தண்ணீர் 3 முதல் 4 மேசைக்கரண்டி.

கஸ்டர்டுக்கு: தோலோடு 1 கிலோ பூசணி, முட்டை 3, துருவிய கித்துல் கருப்பட்டி 125 கிராம், கெட்டியாகக் கரைத்த பால்மா 200 மி.லீ, கறுவாத்தூள் 1 தேக்கரண்டி, சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி, சாதிக்காய்த்தூள் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

1. விழுது
பூசணியைத் தோல் சீவி, ஆவியில் அவியுங்கள். தண்ணீரில் போட்டு அவிக்க வேண்டாம். மலைநாட்டு நுவரெலியாவின் உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அதனால் கொழும்பில் ஆவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேகவிட வேண்டும். மசித்து, அகலமான சட்டியில் மெல்லிய நெருப்பில் கிளறுங்கள். 20 நிமிடத்துக்கு மேலேயும் ஆகலாம், அவசரப்பட்டால் அடிப்பிடிக்கும். அகப்பையால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் கசியாமல், கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. நிறுத்துப் பார்த்து 350 கிராம் எடுங்கள்.

சூடு இருக்கும்போதே கருப்பட்டியைச் சேர்த்தால் தானாகக் கரையும். கொதிக்கும் பாலில் கருப்பட்டியைப் போடாதீர்கள், பால் திரையலாம்.

2. அடிமா
மாவில் சீனியைக் கலந்து, குளிர்ந்த பட்டரை விரல் நுனியால் உதிர்த்து, ஐஸ் தண்ணீர் தெளித்துச் சேர்த்துப் பிடியுங்கள். பிசையக் கூடாது, பிசைந்தால் ரொட்டி மாதிரி இழுபடும். மலைநாட்டுக் குளிரில் பட்டர் உருகாது, இந்த வேலைக்கு அது பெரிய வசதி. அரை மணி நேரம் குளிரவைத்துத் தட்டி, தட்டில் விரியுங்கள். அதன்மேல் பேக்கிங் பேப்பர் போட்டுப் பச்சைப் பருப்பை நிரப்பி, 200 பாகையில் 15 நிமிடம், பருப்பை எடுத்துவிட்டு இன்னும் 8 நிமிடம் சுடுங்கள். பருப்பு இல்லாவிட்டால் ஓரம் சரிந்துவிடும்.

3. கஸ்டர்ட்
விழுது கைச்சூட்டுக்கு ஆறியபின் பால், தூள்கள், உப்பு, முட்டை சேர்த்துக் கலக்குங்கள். நுரை வரும்படி அடித்தால் மேலே குமிழி விழும். கருப்பட்டியில் தும்பு இருக்கும், கட்டாயம் வடித்து, சுட்ட அடிமாவில் ஊற்றுங்கள்.

4. சுடுதல்
170 பாகையில் 40 முதல் 45 நிமிடம். ஓரம் இறுகி, நடுவே உள்ளங்கையளவு மட்டும் ஜெலி போல ஆடும்போதே ஓவனை அணையுங்கள். மிச்சச் சூட்டில் அது இறுகிக்கொள்ளும். முழுக்க இறுகும்வரை விட்டால் முட்டை சுருங்கித் தண்ணீரைக் கக்கும், வெடிப்பும் விழும். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

கதவைக் கொஞ்சம் திறந்து அரை மணி நேரம் உள்ளேயே ஆறவிடுங்கள். ஜன்னல் பக்கக் குளிர்காற்றில் சட்டென வைத்தாலும் மேற்பரப்பு பிளக்கலாம். இரண்டு மணி நேரம் ஆறியபின், ஈரக் கத்தியால் வெட்டுங்கள். மிஞ்சியதை ஃபிரிட்ஜில் 3 நாளைக்குள் முடித்துவிடுங்கள்.